சின்னஞ்சிறு கிளியே: அசலும் நகலும்

போன நவராத்திரிக்கு எங்கள் தெருவில் ஒரு வீட்டுக் கொலுவுக்குப் போயிருந்தோம். புத்தூரில் இப்போது அடுக்குமாடி வீடுகள் அதிகமாகிவிட்டாலும் கொலு வைக்கும் வழக்கம் போய்விடவில்லை. கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் கைப்பேசியில் கிட்டார் ஓசையை ஓடவிட்டு, அதோடு சேர்ந்து 'சின்னஞ்சிறு கிளியே' பாடினாள். நன்றாகத்தான் பாடினாள். சுண்டலைக் கையில் வைத்துக்கொண்டு எல்லோரும் கேட்டோம்.

பாட்டு முடிந்ததும் விவாதம் தொடங்கியது. "ஒரிஜினல் மாதிரி வராது, எம்.எல்.வி. பாடினதுதான் ஒரிஜினல்" என்றார் ஒரு பெரியவர். "இல்லைங்க, மகாராஜபுரம் சந்தானம் பாடிக் கேட்டிருக்கீங்களா? அதுதான்" என்றார் இன்னொருவர். நாற்பது வயதுள்ள ஒரு அம்மாள், "எனக்குத் தெரிஞ்சு சொர்ணலதாதான் பாடினாங்க, சினிமாவில" என்றார். சென்னையிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் பேத்தி என் காதோரம், "தாத்தா, எது ஒரிஜினல், எது கவர் வெர்ஷன்?" என்று கேட்டாள்.

முப்பத்தைந்து ஆண்டுக் காலம் அரசு அலுவலகத்தில் அசலுக்கு நகல் எடுத்து, நகலை அசலோடு ஒப்பிட்டு, 'சரிபார்க்கப்பட்டது' என்று எழுதிச் சம்பளம் வாங்கியவன் நான். என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் சும்மா விடுவேனா? அதுவும் இந்தப் பாட்டு விஷயத்தில் எனக்கு ஒரு பழைய கணக்கு பாக்கி இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் கோப்பை வரிசையாகப் புரட்டுவோம்.

பாட்டை எழுதியவர் பாரதியார் என்பது எல்லோருக்கும் தெரியும். எழுதிய ஊர் எது என்பதில் எனக்குக் கொஞ்சம் சொந்த ஊர்ப் பெருமை உண்டு. பாரதியார் 1908இல் ஆங்கிலேய அரசின் கைக்குத் தப்பி பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்கு வந்தார். 1918 வரை பத்து ஆண்டுகள் அங்கேதான் இருந்தார். பாஞ்சாலி சபதம், குயில் பாட்டு, கண்ணன் பாட்டு மூன்றும் அந்தக் காலத்துப் படைப்புகள். நான் பிறந்ததும் பதினான்கு வயது வரை படித்ததும் அதே புதுச்சேரியில். ஆனால் பிரெஞ்சு வழிப் பள்ளியில் படித்ததால், ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவைத் தாண்டிப் பலமுறை நடந்திருந்தும், அங்கே குடியிருந்தவர் என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. லா ஃபோந்தேன் எழுதிய காக்கை நரிக் கதையை மனப்பாடமாக ஒப்பிப்பேன். 'காக்கைச் சிறகினிலே' தெரியாது.

'சின்னஞ்சிறு கிளியே' கண்ணன் பாட்டு நூலில் வருகிறது. கண்ணனைத் தோழனாக, தாயாக, தந்தையாக, சேவகனாக, அரசனாக, சீடனாக, காதலனாக என்று பல உறவில் வைத்துப் பாடிய நூல் அது. அதில் குழந்தையாகப் பாடும் இடம் வந்ததும் கண்ணன் கண்ணம்மா ஆகிவிடுகிறான். பராசக்தியையே குழந்தையாகக் கண்டு சொன்ன பாட்டு என்று பாரதியார் தலைப்பிலேயே குறிப்பு எழுதியிருக்கிறார். பரலி சு. நெல்லையப்பர் 1917இல் இந்த நூலை வெளியிட்டார்.

1919இல் வந்த இரண்டாம் பதிப்புக்கு முன்னுரை எழுதியவர் நம் ஊர்க்காரர், வரகனேரி வ.வே.சு. ஐயர். அவரும் புதுச்சேரியில் பாரதியாரோடு அடைக்கலமாக இருந்தவர். அந்த முன்னுரையில் அவர் ஒரு முக்கியமான விஷயத்தைச் சொல்கிறார். கவிதையின் அழகை மட்டும் பார்த்துவிட்டு இதன் இசையழகை மறந்துவிடக் கூடாது, பெரும்பாலானவை தாளத்தோடு பாடுவதற்கென்றே எழுதப்பட்டவை என்கிறார். கடற்கரையில் பாரதியார் தம் குரலில் இவற்றைப் பாடக் கேட்டவர்களுக்குத்தான் இவற்றின் அருமை தெரியும் என்ற பொருளிலும் எழுதியிருக்கிறார்.

ஆகவே முதல் பாடகர் எம்.எல்.வி. அல்ல, சந்தானமும் அல்ல. பாரதியார்தான். அவர் குரல் பதிவாகிக் கிடைக்கவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு என் பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சுப் பாட்டு ஒன்று நினைவுக்கு வரும். 'ஓ க்ளேர் த லா லூன்' என்று நிலா வெளிச்சத்தைப் பற்றிய குழந்தைப் பாட்டு. 1860இல் பாரிசில் ஸ்காட் த மார்த்தென்வீல் என்பவர், ஓசையின் அதிர்வைக் கரி பூசிய காகிதத்தில் கோடாக வரையும் கருவி ஒன்றைச் செய்து, அந்தப் பாட்டில் ஒரு துண்டைப் பதிவு செய்தார். எடிசனுக்குப் பதினேழு வருஷம் முன்பு. ஆனால் அந்தக் கோட்டைத் திரும்ப ஒலியாக்க அவரிடம் வழி இல்லை. 2008இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கணினியில் ஏற்றி அதைப் பாட வைத்துவிட்டார்கள். சில நொடிதான், பேய் முனகுவது போல இருக்கும். ஆனாலும் பாட்டு அடையாளம் தெரிகிறது. புதுச்சேரிக் கடற்கரையில் பாரதியார் பாடியபோது பக்கத்தில் அப்படி ஒரு கரிக் காகிதம் இல்லாமல் போனது நம் குறை.

குரல் இல்லை. ஆனால் எழுத்தில் ஓர் ஆதாரம் இருக்கிறது. இந்தப் பாட்டின் தலைப்பில் ராகம் பைரவி, தாளம் ரூபகம் என்று பாரதியார் குறித்திருக்கிறார். அதோடு நிற்காமல் ஸ்வர வரிசையும் கொடுத்திருக்கிறார்.

கேட்டதும் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். ஏனென்றால் நாம் இன்று கேட்கும் பாட்டு பைரவியில் இல்லை. காபியில் தொடங்கி, மாண்டு, வசந்தா, திலங் என்று ராகம் மாறிக்கொண்டே போகும் ராகமாலிகை அது. பைரவி எப்படிக் காபியானது?

அதற்கு முன் பாட்டு யாருடைய சொத்தாக இருந்தது என்று பார்க்க வேண்டும். பாரதியார் 1921இல் காலமானார். நூல்களை மனைவி செல்லம்மா முதலில் வெளியிட்டார். பிறகு உரிமை கை மாறியது. பாடல்களை இசைத்தட்டிலும் ஒலிபரப்பிலும் பயன்படுத்தும் உரிமை மட்டும் தனியாக ஒரு நகை வியாபாரியின் நிறுவனத்துக்குப் போய், அவரிடமிருந்து ஏவி. மெய்யப்பச் செட்டியார் கைக்கு வந்தது. 1947இல் வந்த 'நாம் இருவர்' படத்தில் டி.கே. பட்டம்மாள் பாடிய பாரதி பாடல்கள் தமிழ்நாடு முழுக்க ஒலித்தன. அது ஒரு பெரிய தொண்டு, அதில் சந்தேகமில்லை. ஆனால் டி.கே.எஸ். சகோதரர்கள் 'பில்ஹணன்' படத்தில் ஒரு பாரதி பாடலை வைத்தபோது உரிமை வழக்கு வந்துவிட்டது. சுதந்திரம் வந்த நாட்டில் பாரதி பாட்டைப் பாட ஒருவரிடம் அனுமதி கேட்க வேண்டுமா என்று எழுத்தாளர்கள் கொதித்தார்கள்.

பாடல்களைப் பொதுவாக்க வேண்டும் என்ற அந்த இயக்கத்தில் திருச்சிக்கும் பங்கு உண்டு. இங்கிருந்து 'சிவாஜி' இதழை நடத்திய திருலோக சீதாராமை நம்மில் மூத்தவர்கள் பார்த்திருப்பீர்கள். பாரதியின் நீண்ட காவியங்களையும் புத்தகம் பார்க்காமல் மேடையில் பாடுவார். செல்லம்மா பாரதிக்குப் பிள்ளை மாதிரி இருந்தவர். அவரைப் போன்றவர்கள் ஊர் ஊராகப் பாடிப் பரப்பியதால்தான் பாட்டு ஜனங்களுடையது என்ற எண்ணம் வலுத்தது.

1949இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அரசு உரிமைகளை எடுத்துக்கொண்டது. மெய்யப்பச் செட்டியார் தம்மிடம் இருந்ததைக் காசு வாங்காமல் விட்டுக்கொடுத்தார். செல்லம்மாவுக்கும் இரண்டு மகள்களுக்கும் ஆளுக்கு 5,000 ரூபாய் கொடுத்தார்கள். 1955இல் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், பாடலாம் என்று ஆகிவிட்டது. ஒரு கவிஞரின் எழுத்தை அரசே வாங்கி மக்களுக்குக் கொடுத்தது அப்போது புதுமை. அந்த ஆணையைத் தட்டச்சு செய்த குமாஸ்தா யாரோ, அவர் மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமை.

அந்த 1949க்குப் பின், 1951இல் வந்தது 'மணமகள்'. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் எடுத்து இயக்கிய படம். வசனம் மு. கருணாநிதி. பத்மினி கதாநாயகி. இசை சி.ஆர். சுப்பராமன். 'எல்லாம் இன்பமயம்' வந்ததும் அதே படத்தில்தான். சுப்பராமனுக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. பாரதியாரின் பைரவியை அவர் ஒதுக்கி வைத்தார். குழந்தையைக் கொஞ்சும்போது மனம் ஒரே நிலையில் நிற்பதில்லை. பெருமை, ஏக்கம், பயம், சிரிப்பு என்று மாறி மாறி வரும். பாட்டின் செய்யுள்களும் அப்படித்தான் போகின்றன. அதற்கு ஏற்றபடி அடிக்கு அடி ராகத்தை மாற்றி ஒரு மாலை கட்டினார். எம்.எல். வசந்தகுமாரியும் வி.என். சுந்தரமும் பாடினார்கள். பாரதியார் எழுதிய எல்லாச் செய்யுளும் படத்தில் வரவில்லை. சினிமாவில் அதற்கு நேரம் ஏது?

அடுத்த ஆண்டே, 1952இல், சுப்பராமன் இறந்துபோனார். 'தேவதாஸ்' வேலை பாதியில் நின்றது. அவரிடம் இருந்த இரண்டு இளைஞர்கள்தான் விட்ட வேலைகளை முடித்தார்கள். ஒருவர் எம்.எஸ். விஸ்வநாதன். மற்றவர் வயலின்காரர் டி.கே. ராமமூர்த்தி, நம் திருச்சிக்காரர், மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளையின் பேரன். இந்த இருவரும் பிறகு மெல்லிசை மன்னர்கள் ஆன கதை உங்களுக்கே தெரியும்.

சுப்பராமன் போய்விட்டார், மெட்டு போகவில்லை. எம்.எல்.வி. அதைக் கச்சேரி மேடைக்கு எடுத்துச் சென்றார். ஜி.என். பாலசுப்ரமணியத்தின் சிஷ்யை, பெரிய பெரிய கீர்த்தனைகள் பாடுகிறவர், கடைசியில் துக்கடா நேரத்தில் இதைத் தொடங்கினால் சபை நிமிர்ந்து உட்காரும். சினிமாவிலிருந்து கச்சேரிக்குப் போன பாட்டுகள் மிகக் குறைவு. அதில் இது ஒன்று. எம்.எல்.வி.யின் சிஷ்யை சுதா ரகுநாதன் பாடினார். மகாராஜபுரம் சந்தானம் தம் கனத்த குரலில் பாடி, ஆண்கள் பாடினாலும் இந்தத் தாலாட்டு நிற்கும் என்று காட்டினார். கேசட் வந்த காலத்தில் அவர் குரலில்தான் பல வீடுகளில் இது ஒலித்தது. இப்படியாக, ஒரு நகல் முப்பது வருஷத்தில் அசலாகிவிட்டது. பைரவி என்றால் யாருக்கும் தெரியாது. காபியை மாற்றினால் சண்டைக்கு வருவார்கள்.

பிறகு 1987. 'நீதிக்குத் தண்டனை' என்ற படம். இசை எம்.எஸ்.வி. சுப்பராமனிடம் வளர்ந்தவர், அதே பாட்டைக் கையில் எடுக்கிறார். குருவின் மெட்டை அப்படியே போட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் போடவில்லை. தாமே வேறு மெட்டு அமைத்தார். யேசுதாசோடு பாட ஒரு புதுக் குரலைத் தேர்ந்தெடுத்தார். சொர்ணலதாவுக்கு அப்போது பதினான்கு வயது, முதல் சினிமாப் பாட்டு. அந்தப் பெண் பிறகு 'கருத்தம்மா'வுக்குத் தேசிய விருது வாங்கி, 2010இல் முப்பத்தேழு வயதிலேயே போய்விட்டார். இன்னொரு பொருத்தத்தையும் சொல்ல வேண்டும். 'நீதிக்குத் தண்டனை'க்கும் வசனம் மு. கருணாநிதிதான். ஒரே பாட்டு, இரண்டு மெட்டு, முப்பத்தாறு வருஷ இடைவெளி, ஒரே வசனகர்த்தா.

நடுவில் 1983இல் 'முந்தானை முடிச்சு' படத்திலும் 'சின்னஞ்சிறு கிளியே' என்று ஒரு பாட்டு வந்தது. இளையராஜா இசை. அது பாரதி பாட்டு அல்ல, தொடங்கும் சொற்களை மட்டும் கடன் வாங்கிய வேறு பாட்டு. ஆனால் அந்தப் படத்தைத் தயாரித்தது ஏவி.எம். ஒரு காலத்தில் பாரதி பாட்டுக்கே உரிமை வைத்திருந்த நிறுவனம்.

இந்த இடத்தில் என் பிரெஞ்சுப் படிப்பு கொஞ்சம் உதவும். பள்ளியில் எங்களுக்கு 'ஆ! வூ திரே-ழ், மாமான்' என்று ஒரு பாட்டு சொல்லிக்கொடுத்தார்கள். 'அம்மா, உன்னிடம் சொல்லட்டுமா' என்று பொருள். பதினெட்டாம் நூற்றாண்டு மெட்டு. முதலில் அது ஓர் இளம்பெண் தன் காதலைத் தாயிடம் சொல்லும் பாட்டு. பிறகு குழந்தைப் பாட்டாகியது. மோசார்ட் அந்த மெட்டை எடுத்து பியானோவுக்குப் பன்னிரண்டு விதமாக மாற்றி வாசித்து எழுதினார், 1785இல் அச்சாகியது. இங்கிலாந்தில் 1806இல் ஜேன் டெய்லர் என்ற பெண்மணி விண்மீனைப் பற்றி எழுதிய கவிதையை அந்த மெட்டில் பொருத்திவிட்டார்கள். நம் ஊர் எல்.கே.ஜி. குழந்தை பாடும் 'ட்விங்கிள் ட்விங்கிள்' அதுதான். ஏ, பி, சி, டி பாட்டும் அதே மெட்டுதான். சந்தேகமிருந்தால் இரண்டையும் முணுமுணுத்துப் பாருங்கள்.

அங்கே மெட்டு நிலையாக நின்றது, சொற்கள் மாறின. இங்கே சொற்கள் நின்றன, மெட்டு மாறியது. எம்.எல்.வி. பாடினாலும் சொர்ணலதா பாடினாலும் எங்கள் தெருப் பெண் கிட்டாரோடு பாடினாலும், பாரதியார் சொல்லில் ஓர் எழுத்து மாறவில்லை.

இனி என் பழைய கணக்கு.

1964இல் அப்பா திடீரென்று இறந்ததும், அம்மாவையும் என்னையும் மாமா புத்தூருக்கு அழைத்து வந்துவிட்டார். நால்ரோட்டுக்குப் பக்கத்தில் ஓட்டு வீடு. பிரெஞ்சில் கணக்குப் போட்டவனுக்கு இங்கே தமிழில் விண்ணப்பம் எழுதத் தெரியவில்லை. பள்ளியில் பையன்கள் சிரிப்பார்கள். எனக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தது மாமா வீட்டு ரேடியோதான். 1939 முதல் ஒலிபரப்பும் நம் திருச்சி வானொலிக்கு நான் கடன்பட்டவன். அதில் ஒருநாள் எம்.எல்.வி. குரலில் 'சின்னஞ்சிறு கிளியே' கேட்டேன். சொக்கிப்போனேன். அடுத்த முறை வந்தபோது சொற்களைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டேன். நான் பிழையில்லாமல் எழுதிய முதல் தமிழ்ப் பாட்டு அது.

மாமாவுக்கு அப்போது ஒரு கைக்குழந்தை. அம்மா தூளியை ஆட்டிக்கொண்டே பாடுவாள். ஒருநாள் மத்தியானம் இதே பாட்டைப் பாடினாள். சொற்கள் அவைதான். மெட்டு வேறு. மெதுவாக, ஏறாமல் இறங்காமல், தூளியின் ஆட்டத்துக்கு ஏற்ற மாதிரி போகும். புதுச்சேரியில் அவளுடைய பெரியம்மா பாடக் கேட்டுப் பழகியதாம்.

எனக்குப் பதினைந்து வயது. புதிதாகக் கற்றவனுக்கு இருக்கும் திமிர் எனக்கும் இருந்தது. மாமியும் பக்கத்து வீட்டு அம்மாளும் உட்கார்ந்திருந்தார்கள். "அம்மா, நீ தப்பாப் பாடுறே. பாட்டு அப்படி இல்ல. ரேடியோவுல போட்டப்ப கேக்கலையா?" என்றேன். எம்.எல்.வி. மெட்டில் இரண்டு வரி பாடியும் காட்டினேன். மாமி சிரித்துவிட்டார். அம்மா தூளியை ஆட்டுவதை நிறுத்தவில்லை. "எனக்கு இப்படித்தாம்பா தெரியும்" என்று மட்டும் சொன்னாள்.

அதற்குப் பிறகு அவள் அந்தப் பாட்டைப் பாடி நான் கேட்கவில்லை. என் மகள் பிறந்து தூளியில் கிடந்தபோதுகூட வேறு ஏதேதோ பாடினாள், இதைப் பாடவில்லை. நானும் கேட்கவில்லை. அப்போது அது எனக்கு ஒரு விஷயமாகவே தோன்றவில்லை. 1991இல் அம்மா காலமானாள்.

இரண்டு வருஷம் கழித்து மகளுக்குப் பள்ளியில் பாரதி விழாப் போட்டி. நூலகத்திலிருந்து பாரதியார் கவிதைகள் தொகுதியை எடுத்து வந்தேன். நாற்பது வயதைத் தாண்டிய பிறகு அன்றுதான் இந்தப் பாட்டை அச்சில் முதன்முதலாகப் பார்க்கிறேன். தலைப்பில் பைரவி என்று இருந்தது. ரூபகம் என்று இருந்தது. அதன் கீழே ஸ்வர வரிசை. அதற்கும் கீழே ஒரு குறிப்பு. இந்த ஸ்வரங்களை மாதிரியாக வைத்துக்கொண்டு, பாடுகிறவர் தம் மன நிலைக்கு ஏற்றபடி மாற்றிப் பாடிக்கொள்ளலாம் என்ற பொருளில் பாரதியாரே எழுதியிருந்தார்.

அலுவலகத்தில் மேலிடத்திலிருந்து மாதிரிப் படிவம் வரும். அடியில், தேவைக்கேற்ப மாற்றி எழுதிக்கொள்ளலாம் என்று ஒரு வரி இருக்கும். அந்த வரி இருந்துவிட்டால் யாருடைய படிவமும் தவறு என்று திருப்பி அனுப்ப முடியாது. அதே மாதிரியான வரி இது. சுப்பராமன் மாற்றியதும், எம்.எஸ்.வி. மாற்றியதும் அந்த அனுமதிக்குள் அடங்கும். புத்தூர் ஓட்டு வீட்டில் தூளி ஓரமாக என் அம்மா பாடியதும் அடங்கும். நான்தான் விதி தெரியாமல் 'தவறு' என்று குறிப்பு எழுதியவன். அன்று மேசையில் புத்தகத்தைத் திறந்தபடியே வைத்துவிட்டு வாய்க்கால் கரைப் பக்கம் நடந்துவிட்டு வந்தேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

அம்மாவின் மெட்டு எனக்கு இரண்டு அடிக்குத்தான் நினைவிருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகு, உறையூரில் இருந்த ஒரு பாட்டு டீச்சரிடம் போய் முணுமுணுத்துக் காட்டினேன். அது பைரவிதான் என்று அவர் சொல்லிவிட மாட்டாரா என்று ஆசை. பாரதியார் பாடியதே புதுச்சேரித் தெருக்கள் வழியாக அம்மாவுக்கு வந்து சேர்ந்திருக்கும் என்று மனதுக்குள் ஒரு கதையே கட்டி வைத்திருந்தேன். அவர் இரண்டு மூன்று முறை பாடச் சொல்லிக் கேட்டார். "பைரவின்னு சொல்ல முடியாதுங்க. சாதாரணத் தாலாட்டு மெட்டு. அதுல இந்தச் சொல்லைப் போட்டுப் பாடியிருக்காங்க" என்றார். ஏமாற்றமாக இருந்தது. திரும்பி வரும் வழியில் யோசித்தேன். அது பாரதி மெட்டாக இருந்தால்தான் மதிப்பு என்று இன்னமும் அசல் தேடிக்கொண்டிருக்கிறேனே! குமாஸ்தா புத்தி ஓய்வு பெறவில்லை.

கொலு வீட்டிலிருந்து திரும்பியதும் பேத்தி விடவில்லை. "தாத்தா, நீங்க பதிலே சொல்லலியே" என்றாள். பைரவியிலிருந்து சொர்ணலதா வரைக்கும் மேலே எழுதியதையெல்லாம் சொன்னேன். பிறகு, "இதுல சேராத ஒண்ணு இருக்கு" என்று சொல்லி, தெரிந்த அந்த இரண்டு அடியைப் பாடினேன். எழுபது வயதுக்கு மேல் குரல் எப்படி இருக்கும்? அவள் சிரிக்கவில்லை. கைப்பேசியை நீட்டி, "மறுபடி பாடுங்க" என்றாள். பாடினேன். "இது யாரோட வெர்ஷன்னு போட?" என்று கேட்டாள். என் அம்மாவின் பெயரைச் சொன்னேன்.

உங்கள் வீட்டிலும் பெரியவர்கள் யாராவது தெரிந்த பாட்டை வேறு மெட்டில் பாடிக்கொண்டிருக்கலாம். பாடட்டும். முழுவதும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எனக்குக் கிடைத்தது இரண்டு அடிதான்.